பத்துப் பேரின் குதிரை

வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் பிறக்கும் தரோபிரெட் குதிரைக்குட்டிகளின் எண்ணிக்கை அண்மைக் காலத்தில் 20,000-ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருந்து வருகிறது. அவற்றுள் மூன்று வயதை எட்டியதும், வழக்கமாக மே மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடைபெறும் கென்டக்கி டெர்பியில் ஓடும் தகுதியைப் பெறுபவை அதிகபட்சம் 20 தான். அந்தப் பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது என்பதால், எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்த வாய்ப்பு வாய்க்கும். ஆகவே குட்டியைத் தேர்ந்தெடுப்பதும், விலை பேசுவதும், சேணத்துக்குப் பழக்குவதும், எலும்பு முறியாமல் வேகம் ஏற்றுவதும் இந்தக் குறுகிய காலத்துக்குள் நடந்து முடிந்தாக வேண்டும். இதற்குப் பணம் போடுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். உரிமையாளருக்கும் பயிற்சியாளருக்கும் இடையிலான இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை, பெருஞ்செல்வர்களின் லாயங்களைவிட, நண்பர்கள் சிலர் கூடிப் பணம் போட்டுத் தொடங்கிய நியூயார்க்கின் ஸாக்கடோகா ஸ்டேபிள் என்ற சிறு அமைப்பின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தரோபிரெட் என்பது பந்தயத்துக்கென்றே 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட இனம். உள்ளூர்ப் பெண்குதிரைகளோடு கீழைநாட்டுப் பொலிக்குதிரைகளைச் சேர்த்து அது உருவானது. இன்று உலகெங்கும் ஓடும் தரோபிரெட் குதிரைகள் அனைத்தின் தந்தைவழியும் டார்லி அராபியன், கொடால்ஃபின் அராபியன், பையர்லி டர்க் ஆகிய மூன்று பொலிக்குதிரைகளில் ஒன்றில் போய் முடிகிறது. 1791-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வம்சாவளிப் பதிவேடு தொடங்கி, ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனிப் பதிவேடுகள் பேணப்படுகின்றன. அவற்றில் இடம்பெறாத குதிரை பந்தயத்தில் ஓட முடியாது. செயற்கைக் கருவூட்டல் மூலம் பிறந்த குட்டிகளும் பதிவு செய்யப்படுவதில்லை, இயற்கையான இணைசேர்க்கை கட்டாயம். வட அரைக்கோளத்தில் பிறக்கும் குட்டிகள் அனைத்துக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள் என்ற விதியும் உண்டு. அதன்படி பிப்ரவரியில் பிறந்த குட்டியும் மே மாத இறுதியில் பிறந்த குட்டியும் ஏட்டளவில் ஒரே வயதினவே. நான்கைந்து வயதில் இந்த வேறுபாடு ஒன்றும் செய்யாது. இரண்டு வயதில், எலும்பு இன்னும் முற்றாத நிலையில், மூன்று மாத வளர்ச்சி என்பது பெரிய இடைவெளி. இளங்குதிரைகளைப் பற்றிய மதிப்பீடுகள் பல பொய்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குதிரைப் பந்தய வழக்கில் ஸ்டேபிள் என்ற சொல் கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. ஒரு நிறத்துச் சட்டையைப் பதிவு செய்து, அந்தச் சட்டையணிந்த ஜாக்கிகளைக் கொண்டு தம் குதிரைகளை ஓட்டும் உரிமையாளர் அமைப்பையும் அது குறிக்கும். குதிரைகளோ பெரும்பாலும் பயிற்சியாளரின் பொறுப்பில், பந்தயத் திடலையொட்டிய கொட்டில்களில்தான் நிற்கும். அமெரிக்காவில் நெடுங்காலம் இந்தச் சட்டைகள் விட்னி, வாண்டர்பில்ட், ஃபிப்ஸ் போன்ற செல்வக் குடும்பங்களுக்கே உரியனவாக இருந்தன. விளம்பரத் தொழிலில் இருந்த காட் கேம்பெல் என்பவர் 1970-களில் தம் டாக்வுட் ஸ்டேபிள் மூலம் ஒரே குதிரையைப் பல பங்குகளாகப் பிரித்து விற்கும் முறையைப் பரவலாக்கினார். அவ்வமைப்பின் சம்மர் ஸ்குவால் என்ற குதிரை 1990-இல், டெர்பியைப் போன்ற மற்றொரு பெரும்பந்தயமான பிரீக்னஸை வென்றபோது, கூட்டுரிமைக் குதிரைகள் இரண்டாந்தரமானவை என்ற ஏளனம் அடங்கியது.

ஸாக்கடோகாவின் தொடக்கம் இதைவிட எளிமையானது. நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள ஸாக்கெட்ஸ் ஹார்பர் என்ற சிற்றூரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த ஆறு நண்பர்கள் 1995-இல் தலைக்கு 5,000 டாலர் போட்டுக் குதிரை வாங்க முடிவு செய்தனர். ஊரின் பெயரையும், அவர்களில் ஒருவரான ஜாக் நோல்டன் குடியிருந்த சரடோகா ஸ்பிரிங்ஸ் நகரின் பெயரையும் இணைத்து அமைப்புக்குப் பெயர் சூட்டினர். தம் பள்ளியின் மெரூன், சாம்பல் நிறங்களையே ஜாக்கியின் சட்டைக்கும் எடுத்துக்கொண்டனர். பின்னர் வெளியாட்கள் சிலர் சேரவே பங்குதாரர்கள் பத்துப் பேராயினர். பள்ளி ஆசிரியரும், கட்டுமானத் தொழில் செய்பவரும், விருந்துச் சமையல் ஒப்பந்தக்காரரும் அவர்களில் இருந்தனர். மேலாண்மைப் பொறுப்பு நோல்டனிடம் இருந்தது.

சிறு முதலுள்ள இவர்கள் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த குதிரைகளை மட்டுமே வாங்குவது என்று வகுத்துக்கொண்ட கொள்கை ஊர்ப்பற்றினால் மட்டும் வந்ததன்று. அமெரிக்கக் குதிரை வளர்ப்பின் தலைமையிடம் கென்டக்கி. நியூயார்க் அரசு தன் மாநிலத்தில் குதிரை வளர்ப்பை ஊக்குவிக்க 1970-களில் ஒரு வளர்ச்சி நிதியை ஏற்படுத்தி, பந்தயப் பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கி, அங்கே பிறந்த குதிரைகளின் உரிமையாளருக்கும் வளர்ப்பாளருக்கும் கூடுதல் தொகை கிடைக்கும்படி செய்தது. அவற்றுக்கென்றே தனிப் பந்தயங்களும் நடத்தப்படுகின்றன. நாட்டின் சிறந்த குதிரைகளோடு மோதாமலே ஒரு சுமாரான குதிரை தன் தீவனச் செலவை ஈட்டிவிட இந்த ஏற்பாட்டில் வழி உண்டு. கைப்பணம் குறைந்தவர்கள் இதைவிடச் சூதானமாகத் தொடங்கியிருக்க முடியாது. மாநிலக் குதிரை என்றால் தேசிய அளவில் எடுபடாது என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்ததால் விலையும் மலிவாக இருந்தது.

குட்டிகள் பெரும்பாலும் ஒரு வயது முடிந்த ஆண்டில், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஏலத்துக்கு வருகின்றன. சரடோகாவிலும் கென்டக்கியின் கீன்லேண்டிலும் நடக்கும் ஏலங்கள் இவற்றில் பெயர் பெற்றவை. முதுகில் ஆள் ஏறியே இராத அந்தப் பருவத்தில் குதிரை ஓடுவதைப் பார்த்து வாங்க வழியில்லை. எனவே வாங்க வருபவர் அதை நடக்கவிட்டுப் பார்க்கிறார். பணியாள் குட்டியைக் கயிற்றில் பிடித்து நேராக நடத்திச் சென்று திரும்பி வரும்போது, முன்கால்கள் உள்ளேயோ வெளியேயோ வீசாமல் ஒரே கோட்டில் விழுகின்றனவா, முன்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்குளம்பு விழுகிறதா, குளம்புக்கு மேலுள்ள கணு எந்தச் சாய்வில் நிற்கிறது, முழங்கால் பின்னோக்கி வளைந்திருக்கிறதா என்றெல்லாம் கவனிக்கிறார். முழங்கால் பின்வளைந்த குதிரையின் மூட்டு வேகத்தில் அடிபடும் என்பது தொழிலில் உள்ளோர் தலைமுறைகளாகச் சொல்லிவரும் கணிப்பு. இப்போது இத்துடன் மூட்டுகளின் எக்ஸ்ரே படங்களும், மூச்சுக்குழல் வாயைக் காட்டும் உள்நோக்குக் கருவிச் சோதனையும் சேர்ந்துகொண்டுள்ளன. குரல்வளையின் ஒரு பக்கம் சரியாகத் திறக்காத குதிரைக்கு, எத்தனை நல்ல கால்கள் இருந்தும், கடைசி இரண்டு பர்லாங்குக்குக் காற்றுப் போதாது. பர்லாங் என்பது 220 கஜம், அதாவது ஏறத்தாழ 201 மீட்டர். பந்தய உலகின் கணக்கெல்லாம் இன்றும் அதில்தான் நடக்கிறது.

இத்தனை சோதனைகள் இருந்தும் விலைக்கும் திறமைக்கும் இடையே இருக்கும் உறவு மிகத் தளர்வானது. 2006-இல் ஃபுளோரிடாவில் நடந்த இரண்டு வயதுக் குதிரைகளின் ஏலத்தில், ஒரு பர்லாங்கை 9.8 விநாடிகளில் ஓடிக் காட்டிய தி கிரீன் மங்கி என்ற குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விலைபோனது; அது ஓடியது மூன்றே பந்தயங்கள், வென்றது ஒன்றுமில்லை, ஈட்டியது 10,440 டாலர். 1983-இல் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு விற்ற ஸ்னாஃபி டான்சர் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. மறுபக்கம், 1975-இல் 17,500 டாலருக்கு விற்ற சியாட்டில் ஸ்லூ இரண்டாண்டுக்குப் பின் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் ஆகிய மூன்று பந்தயங்களையும், அதுவரை ஒரு தோல்வியும் காணாமலே, வென்று மும்முடி சூடியது. ஏலத்தில் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி வம்சாவளிக்கும், பிற்காலத்தில் பொலிக்குதிரையாக அது ஈட்டக்கூடிய வருவாய்க்குமான விலை. குதிரையின் ஓட்டத்தைப் பற்றி அது சொல்வது கொஞ்சம்தான்.

2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று சரடோகாவுக்கு அருகில் ஒரு பண்ணையில் பிறந்த செம்பழுப்பு ஆண்குட்டி ஒன்று மறு ஆண்டு ஏலத்தில் 22,000 டாலருக்கு விற்றது. வாங்கியவர், இளங்குதிரைகளை வாங்கிப் பழக்கி விற்கும் டோனி எவரார்ட். ஒரு விதை கீழிறங்காத குறை அதற்கு இருந்தது; ஓடும்போது வலி தரும் என்பதால் அதற்குக் காயடித்துவிட்டனர். பொலிக்குதிரையாகப் பயன்படும் வாய்ப்பு அத்துடன் முடிந்துவிட்டதால் பெரும் லாயங்கள் திரும்பிப் பார்க்காத குதிரையாக அது ஆயிற்று. ஃபுளோரிடாவில் எவரார்டிடம் இருந்தபோது அதைப் பார்த்துப் பிடித்துப்போன பயிற்சியாளர் பார்க்லே டாக், ஸாக்கடோகாவுக்குப் பரிந்துரைக்க, 75,000 டாலருக்குக் குதிரை கைமாறியது. அதன் பெயர் ஃபன்னி சைட்.

டாக் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை வளர்ப்பு படித்தவர், தடைதாண்டும் பந்தயங்களில் ஜாக்கியாக இருந்தவர், முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் குதிரைகளைப் பழக்கியும் அதுவரை ஒரு குதிரையைக்கூட டெர்பிக்குக் கொண்டுபோகாதவர். அதிகம் பேசாதவர் என்றும், எதிலும் நல்லதை எதிர்பார்க்காதவர் என்றும் செய்தியாளர்கள் அவரைப் பற்றி எழுதினர். அவருடைய உதவிப் பயிற்சியாளரும் வாழ்க்கைத் துணையுமான ராபின் ஸ்மல்லன் காலைப் பயிற்சிகளில் தாமே குதிரையேறுபவர். ஓட்டத்தின்போது குதிரை கடிவாளத்தை எப்படி வாங்குகிறது, எந்தக் காலைச் சற்றுத் தயங்கி வைக்கிறது என்பதெல்லாம் திடல் ஓரத்தில் கடிகாரத்தோடு நிற்பவருக்குத் தெரிவதைவிட முதுகில் இருப்பவருக்கே முன்னதாகத் தெரியும்.

பயிற்சியாளரின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. இரவில் வைத்த தீவனத்தை எந்தக் குதிரை மிச்சம் வைத்திருக்கிறது என்று தொட்டியைப் பார்ப்பது முதல் வேலை. தீனி குறைத்த குதிரைக்கு எங்கோ வலி, அல்லது வேலை அதிகம். அடுத்து ஒவ்வொரு குதிரையின் முன்னாலும் குந்தியமர்ந்து, முழங்காலிலிருந்து குளம்பு வரை கையால் தடவிப் பார்க்கிறார். நேற்று இல்லாத சூடு இன்று ஒரு விரற்கடை அகலத்தில் தென்பட்டாலும் அன்றைய ஓட்டம் நின்றுவிடும். 450 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரை நாலுகால் பாய்ச்சலில் செல்லும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் தன் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமையை ஒற்றை முன்காலில் தாங்குகிறது. அந்தச் சுமைக்கு இரண்டு வயது எலும்பு பழகியிருக்காது. முன்கால் எலும்பின் முன்பக்கம் நுண்ணிய சிதைவு கண்டு வீங்கி வலிப்பது இளங்குதிரைகளுக்கு மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நுனமேக்கர் இதை ஆராய்ந்து, எலும்பு தான் சந்திக்கும் சுமைக்கு ஏற்பவே தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்றும், நெடுந்தூரம் மெதுவாக ஓடவிட்டுப் பின் திடீரென்று வேகம் ஏற்றுவதைவிட, தொடக்கத்திலிருந்தே குறைந்த தூரத்தை வேகமாக அடிக்கடி ஓடவிடுவது இக்கோளாற்றைக் குறைக்கும் என்றும் காட்டினார். வேலையே கொடுக்காமல் கொட்டிலில் வைத்திருப்பது பொறுமை ஆகாது என்பதற்கு அறிவியல் வழியில் கிடைத்த சான்று அது.

இந்த வேலைக்குப் பயிற்சியாளர் உரிமையாளரிடம் நாளொன்றுக்கு, குதிரைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்குகிறார். தீவனமும் பணியாளர் கூலியும் அதற்குள் அடங்கும். கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர் ஆகியோரின் கட்டணம் தனி. குதிரை வென்றால் பரிசில் 10 விழுக்காடு பயிற்சியாளருக்கும் 10 விழுக்காடு ஜாக்கிக்கும் போகும். ஓடாமல் நிற்கும் குதிரைக்கும் தினப்படி ஓடிக்கொண்டே இருப்பதால், சீக்கிரம் ஓட்டுங்கள் என்ற நெருக்கடி உரிமையாளரிடமிருந்துதான் வரும். பங்குதாரர் பத்துப் பேர் என்றால் அது பத்து வாயிலிருந்தும் வரலாம். கூட்டுரிமையின் இயல்பான பலவீனமே இதுதான். ஸாக்கடோகாவில் எந்தப் பந்தயத்தில் ஓடுவது, எதை விடுவது என்பதைப் பயிற்சியாளரின் பொறுப்பில் விட்டுவிட்டு, பங்குதாரர்களின் கேள்விகளை நோல்டன் தம்மோடு நிறுத்திக்கொண்டார். அந்த அமைப்பின் வெற்றிக்கு அது வாங்கிய குதிரைகளைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

ஃபன்னி சைட் இரண்டு வயதில் மூன்று பந்தயங்கள் ஓடி மூன்றையும் வென்றது. மூன்றும் நியூயார்க்கில் பிறந்த குதிரைகளுக்கு மட்டுமான பந்தயங்கள். நாட்டின் சிறந்த இரண்டு வயதுக் குதிரைகள் மோதும் பெரும் பந்தயங்கள் அந்த இலையுதிர் காலத்தில் அதே திடலில் நடந்தும் டாக் அவற்றில் அதை இறக்கவில்லை. மூன்று வயதானதும் பெரிய குதிரைகளோடு ஓடவிட்டபோது மூன்று முறையும் அது வெல்லவில்லை. ஆயினும் மூன்றாவது தோல்வியில், அந்த ஆண்டின் எதிர்பார்ப்புக்குரிய குதிரையான எம்பயர் மேக்கரிடம் அரை நீளத்தில்தான் தோற்றது. பந்தயங்களில் இடைவெளியை அளக்கும் நீளம் என்பது ஒரு குதிரையின் மூக்கு முதல் பின்புறம் வரையுள்ள அளவு. 2003 மே 3 அன்று, பங்குதாரர்கள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டெர்பி திடலுக்குச் சென்றிறங்க, ஹோசே சாண்டோஸ் ஓட்டிய ஃபன்னி சைட் எம்பயர் மேக்கரை முந்தி வென்றது. நியூயார்க்கில் பிறந்த குதிரை ஒன்று கென்டக்கி டெர்பியை வென்றது அதுவே முதல் முறை. காயடிக்கப்பட்ட குதிரை வென்றதோ 1929-க்குப் பின் அதுவே முதல். இரண்டு வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தையும் 9¾ நீளத்தில் வென்றதும், 1978-க்குப் பிறகு யாருக்கும் கிட்டாத மும்முடி இந்தச் சிற்றூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு பந்தயத் தொலைவில் வந்து நின்றது.

பெல்மாண்ட் பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னதாக, கடைசிப் பயிற்சி ஓட்டத்தில் ஃபன்னி சைட் ஐந்து பர்லாங்குகளை 57.82 விநாடிகளில் கடந்தது. பந்தயத்திலேயே பாராட்டப்படக்கூடிய அந்த வேகம், 12 பர்லாங் பந்தயம் காத்திருக்கும்போது காலைப் பயிற்சியில் வரக்கூடாத ஒன்று. குதிரை தன் சக்தியைச் செலவிட்டுவிட்டது என்று அன்றே பலர் சொன்னார்கள். மழையில் சேறாகிக் கிடந்த திடலில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருக்க, ஃபன்னி சைட் மூன்றாவதாக வந்தது. எம்பயர் மேக்கர் வென்றது. பயிற்சி ஓட்டம்தான் காரணமா, சேறா, ஐந்து வாரத்தில் மூன்று பெரும்பந்தயம் என்ற சுமையா என்று பிரித்துச் சொல்ல இயலாது. நிதானத்துக்குப் பெயர்போன பயிற்சியாளரிடம் வளரும் குதிரைகூட ஒரு நாள் கடிவாளத்துக்கு அடங்காமல் போகும். மூன்று வயது விலங்கின் உற்சாகத்துக்கு நாள்காட்டி தெரியாது.

இந்தியப் பந்தய முறையில், இளவயதிலேயே உச்சத்தை எட்ட வேண்டும் என்ற இந்த நெருக்கடி ஓரளவு தளர்த்தப்பட்டிருக்கிறது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. மும்பை மகாலட்சுமி திடலில் ஓடும் இந்திய டெர்பி பிப்ரவரித் தொடக்கத்தில், நான்கு வயதுக் குதிரைகளுக்கு நடத்தப்படுகிறது. அமெரிக்கக் குதிரை மூன்று வயதின் மே மாதத்தில் எதிர்கொள்ளும் உச்சச் சோதனை இந்தியக் குதிரைக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் தள்ளியே வருகிறது.

எல்லா இளங்குதிரைகளுக்கும் டெர்பி கைகூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலானவை விலைப் பந்தயங்களில் ஓடுகின்றன. அதாவது, ஓடும் குதிரைகள் ஒவ்வொன்றும் அந்தப் பந்தயத்துக்குக் குறிக்கப்பட்ட விலைக்கு விற்பனைக்கு உள்ளவையே, முன்கூட்டி மனு கொடுத்தவர் பந்தயம் முடிந்ததும் குதிரையைத் தம் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். கூட்டுரிமையில் பணம் போட்டவர்களில் போட்டதை முழுதாகத் திரும்ப எடுத்தவர்கள் சிறுபான்மையினர்தான். பொறுப்பான அமைப்புகள் இதை முதலிலேயே சொல்லிவிடுகின்றன. திடலில் நேரும் கால் முறிவு இறப்புகளும் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி குதிரைப் பாதுகாப்புக்கும் ஊக்கமருந்துத் தடுப்புக்கும் தேசிய அளவில் ஓர் ஆணையம் அமைந்தது. அதுவரை ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தது.

ஃபன்னி சைட்டின் வெற்றிக்குப் பின் ஸாக்கடோகா 15 ஆண்டுகள் ஆண்டுக்கு ஓரிரு குட்டிகளை வாங்கிக்கொண்டு, பெரிய ஆரவாரமின்றி ஓடியது. 2018-இல் சரடோகா ஏலத்தில் 110,000 டாலருக்கு வாங்கிய ஆண்குட்டிக்கு டிஸ் த லா என்று பெயர். தந்தை கான்ஸ்டிடியூஷன், அந்தப் பொலிக்குதிரையின் முதல் தலைமுறைக் குட்டிகள் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தன என்பதால் விலை எட்டும் அளவில் இருந்தது. 2019 ஆகஸ்டில் சரடோகாவில், இதுவரை வெல்லாத குதிரைகளுக்கான பந்தயத்தில் அது எளிதாக வென்றதும், டாக் இம்முறை மாநிலப் பந்தயங்களில் அதை நிறுத்திவைக்கவில்லை. இரண்டாவது ஓட்டமே நாட்டின் முன்னணி இரண்டு வயதுப் பந்தயங்களில் ஒன்றான ஷாம்பெய்ன் ஸ்டேக்ஸ். அதையும் வென்றது. ஃபன்னி சைட் விஷயத்தில் ஒதுங்கியிருந்த அதே பயிற்சியாளர் இந்தக் குதிரையை முன்தள்ளியதற்குக் காரணம் குதிரைதான். சிறு வயதிலேயே உடல் முற்றி, ஜாக்கி கேட்கும்போது மட்டும் வேகமெடுக்கும் பக்குவம் இதற்கு இருந்தது. ஒரே அளவுகோலை எல்லாக் குட்டிக்கும் வைப்பவரால் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள முடிந்திராது.

2020-இல் கொரோனா பெருந்தொற்று பந்தய நாள்காட்டியையே குலைத்தது. டெர்பி செப்டம்பருக்குத் தள்ளிப்போக, வழக்கமாகக் கடைசியில் வரும் பெல்மாண்ட், 12 பர்லாங்கிலிருந்து 9 பர்லாங்காகக் குறைக்கப்பட்டு, ஜூன் 20 அன்று பார்வையாளரற்ற திடலில் முதலாவதாக நடந்தது. டிஸ் த லா 3¾ நீளத்தில் வென்றது. 1882-க்குப் பிறகு பெல்மாண்டை வென்ற முதல் நியூயார்க் குதிரை அது. பயிற்சியாளருக்கு அப்போது வயது 82. ஆகஸ்டில் சரடோகாவின் டிராவர்ஸ் பந்தயத்தையும் அது 5½ நீளத்தில் வென்றபின், செப்டம்பர் 5 டெர்பியில் வெல்லும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட குதிரை அதுவே. ஆனால் தொடக்கத்திலேயே முன்னுக்குப் போன ஆத்தென்டிக் என்ற குதிரை கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் 1¼ நீளத்தில் அதைத் தோற்கடித்தது.

அந்தத் தோல்வியில் ஒரு விசித்திரம் உண்டு. 35 பேர் வரை பங்குதாரராக இருந்த டிஸ் த லாவைத் தோற்கடித்த ஆத்தென்டிக்குக்கு, பெரும் பண்ணை ஒன்று உட்பட மற்ற கூட்டாளிகளோடு, 5,000-க்கும் மேற்பட்ட சிறு பங்குதாரர்கள் இருந்தனர். கைப்பேசி வழியே ஏறத்தாழ 200 டாலருக்கு ஒரு துளிப் பங்கை விற்ற மை ரேஸ்ஹார்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அவர்கள். பத்து நண்பர்கள் சேர்ந்து குதிரை வைத்திருப்பதே 2003-இல் புதுமையாகப் பேசப்பட்டது. 17 ஆண்டுகளில் உரிமை அந்த அளவுக்குச் சிதறிவிட்டது. ஆயினும் அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கும் குதிரை எங்கே ஓட வேண்டும் என்பதில் வாக்கு இல்லை. அது பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டிடமும் முதன்மை உரிமையாளர்களிடமும் இருந்தது. பங்கை எத்தனை கூறாக வேண்டுமானாலும் போடலாம், முடிவை அப்படிக் கூறுபோட முடியாது என்பதில் பழைய கூட்டுக்கும் புதிய கூட்டுக்கும் வேறுபாடில்லை.

டெர்பிக்கு நான்கு வாரம் கழித்து நடந்த பிரீக்னஸ் பந்தயத்துக்கு டிஸ் த லா வரும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. டாக் குதிரையின் பயிற்சியைப் பார்த்துவிட்டு, அது தயாராக இல்லை என்று விலக்கிக்கொண்டார். பெரும் பரிசும் பெயரும் கொண்ட ஒரு பந்தயம் அவருடைய ஒரு சொல்லில் கைவிடப்பட்டது, பங்குதாரர்களும் அதை ஏற்றார்கள். நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில் ஆறாவதாக வந்தபின், எலும்பில் கன்றல் கண்டறியப்பட்டு, ஒன்பது பந்தயங்களில் ஆறு வெற்றியுடன் அது ஓய்வு பெற்றது. கென்டக்கியின் ஆஷ்ஃபோர்ட் பண்ணையில் பொலிக்குதிரையாகச் சேர்ந்தபோது, ஒரு பெண்குதிரையோடு இணைசேர்க்கக் கட்டணம் 40,000 டாலர். ஒரு பருவத்தில் நூறு பெண்குதிரைகள் வந்தாலே அந்த வருவாய் பந்தயத் திடலில் அது ஈட்டிய 27 லட்சம் டாலரைத் தாண்டிவிடும். நன்றாக ஓடும் ஆண்குதிரைகள் நான்கு வயதுக்குள் திடலைவிட்டுப் போய்விடுவதற்கு இந்தக் கணக்கே காரணம். ரசிகர்களுக்குப் பெயர் பழகும் முன்பே குதிரை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஃபன்னி சைட்டுக்கு அந்த வாசல் இல்லாததால் அது ஏழு வயது வரை ஓடியது. 2004-இல் ஜாக்கி கிளப் கோல்ட் கப் என்ற பெரும்பந்தயத்தை வென்றது, பின்னர் முதுகு வலியோடும் தோல்விகளோடும் தளர்ந்தது, 2007 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் ஃபிங்கர் லேக்ஸ் என்ற சிறிய திடலில் உள்ளூர்க் கூட்டத்தின் முன் கடைசியாக ஒரு முறை வென்றது. 38 பந்தயங்கள், 11 வெற்றிகள், 35 லட்சம் டாலர். ஓய்வுக்குப் பின் சில காலம் டாக்கின் கொட்டிலிலேயே, பயிற்சிக்குப் போகும் இளங்குதிரைகளுக்குத் துணையாக நடக்கும் வேலையில் வைக்கப்பட்டிருந்தது. 2008 இறுதியிலிருந்து கென்டக்கி குதிரைப் பூங்காவில் பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டு, 2023 ஜூலையில், 23 வயதில், வயிற்று நோயால் இறந்தது.